ஊரடங்கிலும் லாயம் அடங்காது: பெருந்தொற்றுக் காலத்தில் குதிரைப் பராமரிப்பு

500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ காய்ந்த புல் தின்னும். 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும். கொட்டிலில் நின்றால் தினமும் கூடை கூடையாக லத்தி, அதாவது குதிரைச் சாணம், அள்ள வேண்டும். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகும் இந்தக் கணக்கில் ஒரு பிடி புல் குறையவில்லை. குறைந்தது வருமானம். சவாரிப் பள்ளிகளின் கதவு ஒரே வாரத்தில் மூடியது. பிரிட்டனின் கிராண்ட் நேஷனல் பந்தயம் அந்த ஆண்டு ரத்தானது. மே மாதம் ஓட வேண்டிய அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயம் செப்டம்பர் 5க்குத் தள்ளிப்போனது. பந்தயமோ போட்டியோ பயிற்சியோ இல்லாவிட்டாலும் குதிரைக்கு வேளை தவறாமல் வயிறு நிறைய வேண்டும்.

கோவிட் வைரஸ் குதிரைகளை நோயில் தள்ளவில்லை. குதிரையைச் சுற்றி எப்போதும் பல ஜோடிக் கைகள் இருக்கும்: தீனி கொண்டுவருபவர், லாயத்தைக் கூட்டுபவர், லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், உடற்பயிற்சி கொடுப்பவர். பெருந்தொற்று அந்தக் கைகளை ஒவ்வொன்றாகத் தடுத்து நிறுத்தியது. உரிமையாளரே படுத்துவிட்டால் எல்லாமே நின்றுபோகும். அதனால் எந்தக் கை நின்றால் அந்த வேலையை யார், எதைக்கொண்டு, எப்படிச் செய்வது என்பதை முன்கூட்டியே தீர்த்துவைப்பதுதான் பெருந்தொற்றுக்கான உண்மையான தயாரிப்பு.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குதிரைகளுக்கென்றே ஒரு கொரோனா வைரஸ் உண்டு. லத்தி வழியாகப் பரவும். காய்ச்சல், சோர்வு, தீனி மறுப்பு, சில குதிரைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று வெளிப்படும். கோவிட் வைரஸுக்கு அது தூரத்து உறவு, அவ்வளவே. மனிதர்களுக்கு அது தொற்றுவதில்லை. பரிசோதனை முடிவில் "கொரோனா" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுக் குதிரையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. மற்ற குதிரைகளிடமிருந்து அதைப் பிரித்துவைத்தால் போதும்.

லாயத்தில் மனிதருக்கு மனிதர் தொற்று கடப்பது பொதுவாகப் புழங்கும் இடங்களில்தான். ஒரே கொட்டடியில் நெருங்கி நின்று பேசுவதுதான் முதல் ஆபத்து. அடுத்தது பல கைகள் தொடும் பொருள்கள்: வாயில் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாயின் முனை, லத்தி வாரும் முள்கரண்டி, தள்ளுவண்டியின் கைப்பிடி, தீனிப் பெட்டியின் மூடி, விளக்குப் பொத்தான். ஆளுக்கொரு நேரம் ஒதுக்கி, ஆளுக்கொரு முள்கரண்டி கொடுத்து, நுழைவிடத்திலேயே சோப்பும் தண்ணீரும் வைத்தால் பாதி வேலை முடிந்தது. குதிரையைக் கை மாற்றும்போது கயிற்றை நேரடியாகக் கொடுக்க வேண்டாம். வளையத்தில் கட்டிவிட்டு 2 மீட்டர் விலகி நின்றால் அடுத்தவர் வந்து அவிழ்த்துக்கொள்வார்.

கிருமிநாசினி விஷயத்தில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது ஆபத்தானது. நன்றாகப் பெருக்காத கொட்டில் தரையில் பிளீச் ஊற்றுவது. குதிரையின் சிறுநீரிலிருந்து அம்மோனியா எழும். அம்மோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் வாயு கிளம்பி, ஆளுக்கும் குதிரைக்கும் மூச்சுக்குழாயை எரிக்கும். போதாததற்கு, லத்தியும் மண்ணும் படிந்த இடத்தில் பிளீச்சின் வீரியமும் செத்துவிடும். ஆகவே கூட்டி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காயவிட்டு, குதிரையை வெளியே கட்டிய பிறகுதான் பிளீச். 5 சதவீதக் கரைசலில் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் கலந்தால் 0.1 சதவீதம் கிடைக்கும். கைப்பிடிகளுக்கும் தாழ்ப்பாள்களுக்கும் அது போதும். இரண்டாவது தவறு சேணத்திலும் கடிவாள வாரிலும் பிளீச்சோ ஆல்கஹாலோ தடவுவது. தோலின் எண்ணெய் வற்றி, சில மாதங்களில் தையல் ஓரத்தில் வெடிப்பு விடும். அந்த வார் அறுவது சவாரியின் நடுவில்தான். தோலுக்கு சேண சோப்பு, பிறகு எண்ணெய். கடிவாளத்தின் வாயிரும்பை வெந்நீரில் கழுவினால் போதும்.

கொட்டில் கதவில் தொங்க வேண்டிய அட்டை

உரிமையாளரை ஆம்புலன்ஸில் ஏற்றும் நேரத்தில் யாரும் அவரிடம் குதிரைக்கு என்ன தீனி என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு அட்டை எழுதி, நீர் புகாத உறையில் போட்டுக் கதவில் தொங்கவிட வேண்டும். குதிரையின் பெயர், நிறம், நெற்றிச் சுட்டி, கால் வெள்ளை, புகைப்படம். வேளைவாரியாகத் தீனி. மருந்து இருந்தால் அளவும் நேரமும். ஒவ்வாமை. கடைசித் தடுப்பூசித் தேதி, கடைசியாக லாடம் அடித்த தேதி. யாரோடு சேர்த்து மேயவிடலாம், யாரோடு விடக் கூடாது. கடிக்குமா, உதைக்குமா, காதைத் தொட்டால் திமிறுமா. மருத்துவர், லாடக்காரர், தீனி கொடுப்பவர் எண்கள். மாற்றாளாக ஒருவரல்ல, இருவர். ஒரே வீட்டில் இருக்கும் இருவரை எழுதினால் பயனில்லை. தொற்று வந்தால் இருவரும் சேர்ந்தே முடங்குவார்கள்.

தீனியை எடையில் எழுதுங்கள். "ஒரு டப்பா" என்று எழுதிவைப்பதில்தான் விபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு லிட்டர் டப்பா நிறைய ஓட்ஸ் அரைக் கிலோவைத் தாண்டாது. அதே டப்பாவில் மக்காச்சோளம் அள்ளினால் ஏறத்தாழ முக்கால் கிலோ. ஓட்ஸுக்குப் பழகிய குதிரைக்குப் புதிதாக வந்தவர் அதே டப்பா கணக்கில் மக்காச்சோளம் வைத்தால், அறியாமலே ஒன்றரை மடங்கு தானியம் போட்டிருப்பார். சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்றுவலியிலோ குளம்பு அழற்சியிலோ கொண்டுபோய் விடும். ஒரு சின்னத் தராசு வாங்கித் தீனிப் பெட்டி அருகில் தொங்கவிடுங்கள். எந்தத் தானியமானாலும் 500 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு இரண்டு, இரண்டரைக் கிலோவுக்கு மேல் போகக் கூடாது.

அட்டையில் கடைசியாக ஒரு வரி இருக்க வேண்டும். எழுதக் கை நடுங்கும், ஆனாலும் எழுத வேண்டும்: என்னைத் தொடர்புகொள்ள முடியாத நிலையில் எவ்வளவு தொகை வரை சிகிச்சைக்குச் செலவிடலாம், அறுவைச் சிகிச்சைக்கு ஒப்புதல் உண்டா, மீள வழியில்லை என்று மருத்துவர் சொன்னால் கருணைக்கொலைக்கு அனுமதி யார் தருவது. இந்த வரி இல்லாததால் குடல் முறுக்கிய குதிரை மணிக்கணக்கில் வேதனைப்படக் கூடாது. கையெழுத்திட்ட ஒரு பிரதி மருத்துவரிடமும் இருக்கட்டும்.

தீனி: எவ்வளவு சேர்ப்பது, எதைத் தொடக் கூடாது

நாளுக்கு 10 கிலோ என்றால் ஒரு குதிரைக்கு 30 நாளைக்கு 300 கிலோ காய்ந்த புல். வழக்கமான இருப்புக்கு மேல் இரண்டு முதல் நான்கு வாரத் தீனி கையில் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் குவிப்பது வீண், அடுத்தவர் குதிரையின் பங்கைப் பறிப்பதும்கூட. அரைத்த தானியத்தின் எண்ணெய்ச் சத்து நாளானால் சிக்கடித்துப்போகும், வைட்டமின்களும் குறையும். புல்லை மரப்பலகை அடுக்கின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே கட்டிய புல் உள்ளுக்குள் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும், சில நேரம் தானாகவே தீப்பற்றும். அவசரத்தில் வாங்கிய கட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அந்தக் கட்டுகளைக் கொட்டகைக்குள் ஏற்ற வேண்டாம்.

வழக்கமான தீனி கிடைக்காமல் மாற்ற நேர்ந்தால் 7 முதல் 14 நாள் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் புதிய தீனிக்குப் பழக அவ்வளவு நாள் பிடிக்கும். புல் கிடைக்காவிட்டால் அழுத்திய புல் கட்டிகளைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கொடுக்கலாம். உலர்வாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்து, மூக்கு வழியே எச்சிலும் தீனியும் ஒழுகும். எந்த மாற்று வைத்தாலும் உடல் எடையில் 1.5 சதவீதத்துக்குக் குறையாமல் நார்த்தீனி உள்ளே போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். குதிரைத் தீனி கிடைக்கவில்லை என்று மாட்டுத் தீவனத்தையோ கோழித் தீவனத்தையோ வைக்காதீர்கள். அவற்றில் மோனென்சின் என்ற மருந்து கலந்திருக்கலாம். மாட்டுக்கும் கோழிக்கும் அது நன்மை. குதிரைக்கோ மிகச் சிறிய அளவே இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். முறிவு மருந்து கிடையாது. மாட்டுக்கும் குதிரைக்கும் ஒரே கொட்டகையில் தீனி வைப்பவர்கள் மூட்டைகளைத் தனித்தனி அறையில் வைத்துப் பூட்டுவது நல்லது. பழகாத ஆள் வேலைக்கு வரும் நாளில்தான் மூட்டை மாறும்.

வேலை நின்றால் தானியமும் நிற்க வேண்டும்

ஊரடங்கில் குதிரைகளுக்கு நேர்ந்த பெரும் கெடுதல் பட்டினியால் மட்டும் வந்ததல்ல. வேலையில்லாமல் நின்ற குதிரைக்குப் பழைய அளவிலேயே தானியம் வைத்ததாலும் வந்தது. தினமும் ஒரு மணி நேரம் ஓடிய குதிரை திடீரென நின்றுவிட்டால், அன்றே தானியத்தைப் பாதியாகக் குறைத்து, அடுத்த சில நாளில் இன்னும் குறைத்து, புல்லைக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் மறுபடி வேலைக்கு எடுத்த முதல் நாளே பின்தொடைத் தசைகள் கல்லாக இறுகி, வியர்த்து, நகர முடியாமல் நிற்கும். சிறுநீர் காப்பி நிறத்தில் வரும். அந்த நேரத்தில் நடக்கவைத்தால் தசை இன்னும் சிதைந்து சிறுநீரகத்தையும் கெடுக்கும். நின்ற இடத்திலேயே நிறுத்தி, தண்ணீர் வைத்து, மருத்துவரை அழைக்க வேண்டும்.

இன்னொன்று லேமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சி. கொழுத்த குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் செழித்த புல்வெளி ஆபத்து. கண் ஏமாற்றும், அளவுநாடா ஏமாற்றாது. முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 180, நீளம் 165 என்றால் 450 கிலோ. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே நேரத்தில், அதே ஆள் அளந்து எழுதிவைக்க வேண்டும்.

குளம்பின் நாடியைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். குளம்புக்கு மேலுள்ள மூட்டின் பின்புறம், இரு பக்கமும் விரல் பதியும் பள்ளம் இருக்கும். கட்டைவிரலை விட்டுவிட்டு இரண்டு விரலை மெதுவாக வைக்க வேண்டும். நல்ல குதிரையில் துடிப்பு கிடைத்தும் கிடைக்காமலும் இருக்கும்; தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடாமலே விரலில் தட்டினால், கூடவே குளம்புச் சுவரும் சூடாக இருந்தால், குதிரை முன்னங்காலை முன்னே நீட்டிப் பின்னால் சாய்ந்து நின்றால், அன்றே மருத்துவர் வர வேண்டும். அதுவரை மேய்ச்சல் இல்லை, தானியம் இல்லை, கால் புதையும் படுக்கை மட்டும். நல்ல நாளிலேயே தினமும் தொட்டுப் பழகிய விரலுக்குத்தான் கெட்ட நாளின் துடிப்பு புரியும்.

லாடக்காரர் வராத எட்டாவது வாரம்

குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வளரும். லாடம் வளராது. ஆறு, எட்டு வாரம் கடந்தால் முன்முனை நீண்டு, கால் எடுக்கும்போது தசைநாணில் இழுவிசை கூடும். ஆணி தளரும். லாடம் ஒருபக்கம் பெயர்ந்து தொங்க, குதிரை தன் ஆணியைத் தானே மிதிக்கும். லாடக்காரர் வரும் வாய்ப்பு குறைவு என்றால் முதலில் யாருக்கு என்று தீர்மானியுங்கள். லேமினைட்டிஸ் வந்தவை, குளம்புக் கோளாறைச் சரிசெய்யும் திருத்தலாடம் போட்டவை முதலில். அடுத்து வேலைக்குப் போகும் லாடக் குதிரைகள். லாடமில்லாமல் மேய்ச்சலில் நிற்பவை சில வாரம் பொறுக்கும். அவர் வரும் நாளில் கால்கள் கழுவித் துடைத்துக் காய்ந்திருக்கட்டும். கட்டி நிற்கப் பழகிய குதிரையானால் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டாம்.

தளர்ந்த லாடத்தைக் கழற்ற ஒவ்வொரு லாயத்திலும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். குளம்பைச் சுத்தம் செய்து, சுவரின் வெளிப்பக்கம் மடக்கியிருக்கும் ஆணி முனைகளை அரத்தால் தேயுங்கள். மடிப்பு மட்டும் தேயட்டும், சுவர் வேண்டாம். குறடை லாடத்தின் குதிகால் முனைக்கு அடியில் கொடுத்து, பிடியை முன்முனைப் பக்கமாகவும் சற்று உள்நோக்கியும் அழுத்துங்கள். வெளிப்பக்கம் நெம்பினால் குளம்புச் சுவர் துண்டாகப் பெயரும். அடுத்த லாடத்துக்கு ஆணி அடிக்க இடமிருக்காது. ஒரு பக்கம் கொஞ்சம் எழும்பியதும் மறுபக்கம். பிறகு லாடத்தைச் சுத்தியலால் தட்டிக் கீழே இறக்கினால் ஆணித் தலைகள் மேலே துருத்தும், ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். எடுத்த ஆணிகளை எண்ணுங்கள். தரையில் கிடக்கும் ஒரே ஓர் ஆணி போதும், குளம்பில் ஏறிவிடும். கடைசியாக ஓரத்தை அரத்தால் லேசாக உருட்டிவிட்டால் சுவர் சில்லு விடாது.

குளம்பின் அடிப்பகுதி நடுவில் ஆணி ஏறியிருந்தால், இன்னும் உள்ளே அழுந்தாதபடி பொதிந்து கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள். எக்ஸ்ரேயில் அது எதைத் தொட்டிருக்கிறது என்று தெரிந்தபின் பிடுங்குவதே நல்லது. வேறு வழியின்றி எடுக்க நேர்ந்தால் நுழைந்த இடம், கோணம், ஆழம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி தவறியிருந்தால் இங்கேதான் விலை கொடுக்க நேரும். குதிரையைப் போல டெட்டனஸுக்கு எளிதில் ஆளாகும் வீட்டு விலங்கு வேறில்லை. மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இந்த ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

தொலைபேசியில் மருத்துவர்

2020இல் பல கால்நடை மருத்துவமனைகள் அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகளை நிறுத்திவைத்தன. கையுறையும் முகக்கவசமும் மனித மருத்துவமனைகளுக்குத் தேவைப்பட்டன. குதிரையை மயக்கப் பயன்படும் மிடசோலம், கீட்டமின் போன்றவை தீவிர சிகிச்சைப் பிரிவிலும் வேண்டிய மருந்துகள். காயடிப்பு, வழக்கமான பல் ராவுதல் எல்லாம் பின்னுக்குப் போயின. ஆலோசனை திரைக்கு மாறியது. திரையில் மருத்துவர் குதிரையைத் தொட முடியாது. நீங்கள் சொல்லும் எண்கள்தான் அவருக்கு விரல்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரைக்கு வெப்பநிலை 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ். நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44. மூச்சு 8 முதல் 16. ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்க வேண்டும். நொண்டலைக் காட்ட வேண்டுமானால் சமமான கெட்டித் தரையில், தளர்ந்த கயிற்றில், நேராகப் போய் நேராக வரும் வீடியோ. கால் முழுதும் படத்தில் இருக்கட்டும்.

வயிற்றுவலி என்று சந்தேகம் வந்தால் தீனியை எடுத்துவிட்டு, எண்களைக் குறித்துக்கொண்டு அழையுங்கள். மருத்துவரிடம் பேசும் முன்பே வலிமருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்து, அறுவைச் சிகிச்சைக்கான நேரம் கைநழுவும். ஃப்ளூனிக்சின் என்ற வலிமருந்தைக் கையிருப்பில் வைத்திருப்பவர்களுக்கு: அதைத் தசையில் குத்தாதீர்கள். ஊசி போன இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் கிருமி பெருகித் தசை அழுகி, குதிரை இறந்துபோகலாம். மருத்துவர் சொன்னால் வாய்வழிப் பசை மட்டும்.

குடற்புழு மருந்து கதை தனி. 2021இல் கோவிடுக்கு மருந்தென்று நம்பிப் பலர் குதிரைக்கான ஐவர்மெக்டின் பசையை வாங்கி விழுங்கினார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியிருந்தது. கணக்கைப் பார்த்தால் ஆபத்து புரியும். ஒரு குழலில் சுமார் 114 மில்லிகிராம் மருந்து. ஏறத்தாழ 570 கிலோ குதிரைக்கான அளவு. ஒட்டுண்ணி நோய்க்காக 60 கிலோ மனிதருக்கு மருத்துவர் எழுதுவதோ 12 மில்லிகிராம். கடைகளில் பசைக்குத் தட்டுப்பாடு வந்தபோது குதிரைக்காரர்கள் திண்டாடினார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் எல்லாக் குதிரைக்கும் மருந்து தேவையில்லை என்பதை நினைவில் வையுங்கள். லத்தியில் புழு முட்டைகளை எண்ணச் சொல்லி, ஒரு கிராமுக்கு 200க்கு மேல் இருப்பவற்றுக்கு மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் போதும். மேய்ச்சல் நிலத்தில் வாரம் இருமுறை லத்தி அள்ளுவது மருந்துக்கு நிகரான வேலையைச் செய்யும்.

சவாரி, பிறகு மீண்டும் ஓட்டம்

மருத்துவமனையில் படுக்கை இல்லாத வாரங்களில் சவாரி செய்யலாமா என்று குதிரைக்காரர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. என் கருத்து: இளம் குதிரையும் தடை தாண்டலும் தனியாகக் காட்டுவழிச் சவாரியும் நிச்சயம் வேண்டாம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் தூக்கிச் செல்வதும் சிகிச்சை தருவதும் ஏற்கெனவே தவிக்கும் அதே ஆட்கள்தான். குதிரைக்கு அசைவு வேண்டும், அதற்கு ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கையில் பிடித்து 30 நிமிடம் நடத்தலாம். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓட்டலாம்; 20 மீட்டர் விட்டத்துக்குக் குறையாமல், மொத்தம் 15 முதல் 20 நிமிடம், பாதியில் திசை மாற்றி. சின்ன வட்டம் மூட்டைத் தின்னும். மேய்ச்சலில் நாள் முழுதும் நடமாட விடுவது எல்லாவற்றிலும் மேல்.

மூன்று மாதம் நின்ற குதிரையைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்போதுதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழைய தெம்புக்கு வந்துவிடும். தசைநாணும் எலும்பும் வர மாதங்கள் ஆகும். குதிரை துள்ளும், ஓடத் துடிக்கும். கால் அதற்குத் தயாராக இருக்காது. முதல் இரண்டு வாரம் நடை மட்டும்: 20 நிமிடத்தில் தொடங்கி 40 வரை. மூன்றாம் வாரத்திலிருந்து இரண்டு, மூன்று நிமிட டிராட் (மிதமான ஓட்டம்) துண்டுகளை நடைக்கு நடுவே சேர்க்கலாம். ஐந்து, ஆறாம் வாரத்துக்கு முன் பாய்ச்சல் வேண்டாம். ஏறும் முன் சேணத்தையும் வைத்துப் பாருங்கள். முதுகுத் தசை கரைந்திருந்தாலோ கொழுப்பு கூடியிருந்தாலோ பழைய சேணம் பொருந்தாது.

போட்டிகள் திரும்பத் திறந்தபோது இன்னொரு நோய் காத்திருந்தது. 2021 பிப்ரவரியில் ஸ்பெயினின் வலென்சியாவில், பல நாடுகளிலிருந்து குதிரைகள் கூடிய தடைதாண்டல் தொடரில், குதிரை ஹெர்பிஸ் வைரஸின் நரம்பைத் தாக்கும் வடிவம் பரவியது. பின்னங்கால் தள்ளாடிக் குதிரைகள் விழுந்தன, சில இறந்தன. ஐரோப்பாவில் சர்வதேசப் போட்டிகளை மீண்டும் வாரக்கணக்கில் நிறுத்த நேர்ந்தது. மனிதருக்குத் தொற்று தணிந்ததும் குதிரைகளை ஓரிடத்தில் கூட்டுவது எவ்வளவு கவனம் கேட்கும் வேலை என்பதை அது காட்டியது. குதிரை நோய் ஊரை முடக்குவது புதிதல்ல. 1872இல் கனடாவின் டொரன்டோ அருகே தொடங்கிய குதிரை இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் சில மாதங்களில் வட அமெரிக்கா முழுக்கப் பரவி வண்டிகளை நிறுத்தியது. அந்த நவம்பரில் பாஸ்டன் நகரம் எரிந்தபோது தீயணைப்பு வண்டிகளை மனிதர்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். 2007இல் ஆஸ்திரேலியாவில் அதே காய்ச்சல் நுழைந்தபோது, போட்டிக்குப் போன இடத்திலேயே குதிரைகளும் ஆட்களும் வாரக்கணக்கில் முடங்கினார்கள்.

ஆகவே போட்டிக்குக் கிளம்பும்போது ஒரு வாரத்துக்கு மேலான தீனியும் மருந்தும் வண்டியில் இருக்கட்டும். இன்ஃப்ளூயன்சா தடுப்பூசித் தேதி ஊரடங்கில் தவறியிருந்தால், எத்தனை ஊசி மீண்டும் போட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு முடித்துவிட்டுப் போங்கள். தண்ணீர் வாளி உங்களுடையது, பொதுத் தொட்டி வேண்டாம். திரும்பி வந்த குதிரையை 14 முதல் 21 நாள் தனிக் கொட்டிலில் நிறுத்தி, அதற்கென்று தனி முள்கரண்டி, தனி வாளி வைத்து, மற்ற குதிரைகளுக்கெல்லாம் தீனி வைத்த பிறகு கடைசியாக அதனிடம் போக வேண்டும். காலையும் மாலையும் வெப்பநிலை எடுத்துக் கதவிலுள்ள அட்டையில் எழுதுங்கள். 38.5ஐத் தாண்டினால் லாயத்திலிருந்து எந்தக் குதிரையும் வெளியே போகாது, எந்தக் குதிரையும் உள்ளே வராது, மருத்துவர் வந்து மூக்குச்சளி மாதிரி எடுக்கும் வரை.